வினையூக்கியும் ஒரு தமிழ் வேதியியலாரும்

ஸ்ரீபெரும்புதூர் என்றவுடன் இராமாநுசர் தோன்றிய ஊர் என்ற நினைவே நம் உள்ளத்தில் முதலில் எழும். ஏரிகளும் நெல்வயல்களும் நிறைந்திருந்த அந்த வட்டாரத்துக்கு இன்று வேறொரு புகழும் சேர்ந்திருக்கிறது. அருகிலுள்ள இருங்காட்டுக்கோட்டையில் 1998ஆம் ஆண்டில் கொரிய நாட்டு ஹூண்டாய் நிறுவனத்தின் கார்கள் உருவாகத் தொடங்கின. தெற்கேயுள்ள ஒரகடத்தில் ரெனோ-நிசான் தொழிற்சாலை 2010இல் திறக்கப்பட்டது. அதனையடுத்து லாரிகளும் மோட்டார் சைக்கிள்களும் டயர்களும் செய்யும் ஆலைகள் அங்கே எழுந்தன. அவ்வழியே செல்லும்போதெல்லாம், புதிய வண்டிகளை அடுக்கிச் செல்லும் நீண்ட பார வண்டிகளை நான் காண்கின்றேன். அவற்றைக் காண்போர் வண்டியின் வடிவையும் நிறத்தையும் வியப்பர். நான் இன்று கூற விரும்புவதோ, எவர் கண்ணுக்கும் படாமல் அவ்வண்டிகளுக்குள் மறைந்திருக்கும் ஒரு பொருளின் வரலாறு. அதன் பெயர் வினையூக்கி.

வினையூக்கி என்பது யாது? இரு பொருள்கள் சேர்ந்து மூன்றாவது பொருள் ஆவதை வேதிவினை என்கிறோம். சில வினைகள் தாமாக நிகழா. நிகழினும் நெடுங்காலம் பிடிக்கும். அருகில் ஒரு குறிப்பிட்ட பொருளை வைத்தால் அதே வினை விரைந்து நடக்கிறது. வைத்த பொருளோ வினையில் செலவாகிவிடுவதில்லை. 1823இல் டோபரைனர் என்ற ஜெர்மானியர், பிளாட்டினத் துகளின்மேல் ஹைட்ரஜன் வாயு பட்டவுடன் தீப்பற்றுவதைக் கண்டார். இத்தகைய நிகழ்ச்சிகளையெல்லாம் ஒன்றுதிரட்டி, 1835இல் அவற்றுக்குப் பொதுப்பெயர் இட்டவர் சுவீடன் நாட்டுப் பெர்சீலியசு.

வினைப்படு பொருள் வாயுவாகவோ திரவமாகவோ இருக்க, ஊக்கி மட்டும் திடப்பொருளாக இருப்பின் அதனைப் பலபடித்தான வினையூக்கம் என்பர். பெயர் கடினமாயினும் கருத்து எளிது. பழைய நாளில் பெருவழிகளில் இருந்த சத்திரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். வெவ்வேறு திசையிலிருந்து வந்த இருவர் அங்கே தங்குகின்றனர், களைப்பு நீங்குகின்றனர், நட்புக்கொண்டு ஒன்றாகப் புறப்படுகின்றனர். சத்திரம் அங்கேயே நின்று அடுத்து வருவோரை ஏற்கிறது. திட வினையூக்கியின் மேற்பரப்பு அத்தகைய சத்திரம். வந்து தங்கும் வழிப்போக்கர் மூலக்கூறுகள்.

வண்டியின் புகைக்குழாயில் பொருத்தப்பெறும் கலம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. தேன்கூடு போன்ற கண்ணறைகள் உடைய ஒரு பீங்கான் கட்டியின்மேல் பிளாட்டினம், பலேடியம், ரோடியம் ஆகிய உலோகங்களை மிக நுண்ணிய துகள்களாகப் படிய வைக்கின்றனர். எஞ்சினிலிருந்து வரும் நச்சுவாயுவாகிய கார்பன் மோனாக்சைடு அங்கே கார்பன் டை ஆக்சைடாக மாறுகிறது. நைட்ரஜன் ஆக்சைடுகள் தீங்கற்ற நைட்ரஜனாகப் பிரிகின்றன. எரியாது எஞ்சிய எரிபொருளும் எரிந்துவிடுகிறது.

இக்கருவியை 1950களிலேயே உருவாக்க முயன்றவர் யூஜீன் ஊட்ரி என்ற பிரெஞ்சுப் பொறியாளர். அமெரிக்காவில் குடியேறிப் பெட்ரோலியத் தொழிலில் பெரும்புகழ் பெற்றிருந்த அவர், நகரங்களில் பெருகிவந்த புகையைக் கண்டு கவலைகொண்டு இப்பணியில் இறங்கினார். ஆயினும் அவர் மறைந்த 1962 வரை அம்முயற்சி நிலைபெறவில்லை. அக்காலப் பெட்ரோலில் காரீயச் சேர்மம் ஒன்றைக் கலந்து வந்தனர். காரீயம் சத்திரத்துக்கு வந்து அறையைப் பிடித்துக்கொண்டு, காலி செய்யாமலே தங்கிவிடும் விருந்தாளி. அறைகளெல்லாம் நிறைந்தபின் சத்திரம் எவருக்கும் பயன்படாது. பெட்ரோலிலிருந்து காரீயம் நீங்கினால் அன்றி ஊக்கி உயிர்வாழ முடியாது. நம் நாட்டில் 1995 ஏப்ரல் முதல் நாளன்று சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் புதிய பெட்ரோல் கார்களுக்கு இக்கலம் கட்டாயமாயிற்று. 2000ஆம் ஆண்டு பிப்ரவரியில் நாடு முழுவதும் காரீயப் பெட்ரோல் மறைந்தது. ஊக்கியைக் காக்கச் செய்த இம்மாற்றம், காரீய நஞ்சினின்றும் நம் குழந்தைகளைக் காத்தது.

நேயர்களே, இதுவரை கூறியவற்றில் வந்த பெயர்களெல்லாம் அயல்நாட்டார் பெயர்கள். இத்துறையில் நம்மவர் பங்கு என்ன என்று நீங்கள் கேட்கக்கூடும். அதற்கு விடையாக ஒரு தமிழ் வேதியியலாரின் ஆராய்ச்சி வாழ்வைச் சொல்லுகிறேன். அவர் பால் இரத்தினசாமி. 1942இல் தமிழ்நாட்டில் பிறந்தவர்; சென்னை இலயோலாக் கல்லூரியில் பயின்று, சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சிப் பட்டம் பெற்றவர். அமெரிக்காவிலும் பெல்ஜியத்திலும் ஆராய்ச்சி செய்தபின் தாயகம் திரும்பினார். டேராடூனிலுள்ள இந்தியப் பெட்ரோலிய ஆராய்ச்சி நிலையத்திலும், பின்னர்ப் புனே நகரத்துத் தேசிய வேதியியல் ஆய்வுக்கூடத்திலும் பணியாற்றினார்.

அக்காலத்தில் நம் வேதித்தொழில் இருந்த நிலையை ஒரு சொல்லில் உணர்த்துவதாயின், வீடு நம்முடையது, சாவி பிறருடையது எனலாம். ஆலையை நாம் கட்டுவோம், எந்திரங்களையும் நிறுவுவோம். ஊக்கியின் செய்முறை மட்டும் விற்ற நிறுவனத்தின் இரகசியமாகவே இருக்கும். சில ஆண்டுகளில் ஊக்கி வலுவிழந்தால், மீண்டும் அவர்களிடமே வாங்க வேண்டும். இந்நிலையை மாற்ற இரத்தினசாமி குழுவினர் எடுத்துக்கொண்ட பொருள் சியோலைட் என்னும் கனிம வகை. அதன் உட்புறம் முழுதும் மூலக்கூறு அளவே உடைய நுண்துளைகள். வாயில் குறுகிய சத்திரம் என்று அதனைக் கருதலாம். ஒல்லியான உருவம் உடையோர் எளிதில் புகுந்து வெளிவருவர், பருத்தவர் தடைப்படுவர். சைலீன் என்ற திரவத்தில் மூன்று வகைகள் உண்டு. அவற்றுள் ஒல்லியான பாரா-சைலீனே பாலியெஸ்டர் இழைக்கு மூலப்பொருள். மற்ற இரண்டையும் பாரா-சைலீனாக மாற்றித் தருவதற்கு இக்குறுகிய வாயில் துணைசெய்கிறது.

இவ்வகைச் சியோலைட் ஒன்றுக்கு அமெரிக்க நிறுவனம் ஒன்று 1972இல் காப்புரிமை பெற்றிருந்தது. புனே ஆய்வுக்கூடத்தார் தமக்கென ஒரு செய்முறையை வகுத்து, அந்த இனத்து ஊக்கியைத் தாமே ஆக்கினர். ஆய்வுக்கூடத்தின் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைக் கொண்டு அதற்கு என்சிலைட் என்று பெயரிட்டனர். 1980களின் நடுவில் வடோதராவிலிருந்த அரசுத்துறைப் பெட்ரோ வேதித் தொழிற்சாலையில் அது பயனுக்கு வந்தது. அதன்பின் விசாகப்பட்டினத்து ஆலை ஒன்றில், சாராயத்தையும் பென்சீனையும் சேர்த்து எத்தில் பென்சீன் ஆக்கும் முறைக்கும் அவ்வினத்து ஊக்கி உதவியது. சாராயம் கரும்பாலைக் கழிவுப்பாகிலிருந்து கிடைப்பது. உலகெங்கும் பெட்ரோலிய வாயுவைக் கொண்டு செய்யும் பொருளை, நம் வயலில் விளைவதைக் கொண்டு செய்ய வழி பிறந்தது என்பதே இதன் சிறப்பு. முன்பு இவ்வகை வினைக்குப் பயன்பட்ட அலுமினியம் குளோரைடு உலோகக் கலங்களை அரிக்கும்; கழிவும் மிகுதி. திட ஊக்கியால் அத்தொல்லை இல்லை.

எத்தில் பென்சீனிலிருந்து ஸ்டைரீன் கிடைக்கும். ஸ்டைரீன் இன்றேல் கார் டயருக்கான செயற்கை ரப்பரும், முகப்புப் பலகைக்கான பிளாஸ்டிக்கும் இல்லை. பாரா-சைலீன் இன்றேல் இருக்கையின் பாலியெஸ்டர் துணி இல்லை. ஆகவே ஒரகடத்தில் பூட்டப்பெறும் ஒரு வண்டியில் புகைக்குழாய் மட்டும் அன்று, டயரும் இருக்கையுங்கூட ஏதோ ஒரு வினையூக்கியைக் கடந்து வந்தவையே.

இரத்தினசாமிக்கு 1984இல் பட்நாகர் பரிசும் 2001இல் பத்மஸ்ரீ விருதும் கிடைத்தன. 1995 முதல் 2002 வரை புனே ஆய்வுக்கூடத்தின் இயக்குநராகவும் இருந்தார். அதன் பின்னரும் அவர் ஓயவில்லை. உணவுக்கு உதவாத எண்ணெய்களிலிருந்து எரிபொருள் ஆக்குவதற்கு, இரும்பும் துத்தநாகமும் சேர்ந்த திட ஊக்கி ஒன்றைத் தம் சக ஆராய்ச்சியாளர்களுடன் உருவாக்கினார். வழக்கமான முறையில் காரத்தைக் கரைத்துப் பயன்படுத்திப் பின்பு நீர்விட்டுக் கழுவுவர். கழுவிய நீர் கழிவாகும். திட ஊக்கியையோ பிரித்தெடுத்து மீண்டும் பயன்படுத்தலாம். கழிவைப் பின்னர்த் தூய்மை செய்வதினும், அது பிறவாமலே செய்வது அறிவுடைமை அன்றோ?

இன்று சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் 2006இல் அமைந்த தேசிய வினையூக்க ஆராய்ச்சி மையம் இருக்கிறது. ஒரகடத்திலோ ஆண்டுதோறும் எண்ணற்ற வண்டிகள் உருவாகின்றன. ஆயினும் அவற்றின் புகைக்கலத்திலுள்ள பிளாட்டின இன உலோகங்கள் பெரும்பாலும் தென்னாப்பிரிக்காவிலும் உருசியாவிலும் தோண்டப்படுபவை. பூட்டும் கை நம்முடையது. சாவி இன்னும் முழுமையாக நம்மிடம் வரவில்லை. பழைய வண்டிகளின் கலங்களிலிருந்து அவ்வுலோகங்களை மீட்பதும், அவை குறைவாகவே தேவைப்படும் ஊக்கிகளைக் காண்பதும் நம் இளைஞர் முன் நிற்கும் பணிகள். மின்சார வண்டிகள் பெருகினால் புகைக்கலம் மறையலாம். ஆனால் நீரிலிருந்து ஹைட்ரஜனைப் பிரிக்கவும், அதனின்று மின்சாரம் பெறவும் ஊக்கியே வேண்டும். ஆலைக்கு நிலமும் சாலையும் கொடுப்பதில் நாம் காட்டிய அக்கறையில் ஒரு பங்கையேனும் ஆய்வுக்கூடத்துக்குக் காட்டினால், அவ்வேலையைச் செய்து முடிக்க வல்லவர்கள் நம்மிடையே தோன்றுவர். என்சிலைட் பிறந்த கதை அதற்குச் சான்று.