கேன்டீன்ல எடுத்த காரு!

"மிலிட்டரி கேன்டீன்" என்றதும் நம்ம ஊர்க்காரர்களுக்கு முதலில் என்ன ஞாபகம் வரும் என்று எல்லோருக்கும் தெரியும். அதைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை, ஏமாந்தவர்கள் மன்னிக்கவும் :-). நான் எழுத வந்தது கார் பற்றி.

ஒரத்தநாடு பக்கம் எங்கள் சித்தப்பா ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து 2021ல் ஓய்வு பெற்று வந்தார். வந்ததும் ஒரு சின்ன கார் எடுத்தார். வண்டியைப் பார்த்தது, சாவி வாங்கியது எல்லாம் தஞ்சாவூர் ஷோரூமில்தான். ஆனால் வண்டி விலையை அங்கே கட்டவில்லை. கேட்டால், "கேன்டீன்ல எடுத்தது" என்றார். சோப்பும் பிஸ்கட்டும் விற்கிற இடத்தில் கார் எப்படி? தேடிப் பார்த்ததில் கிடைத்த கதைதான் இது.

இரண்டாம் உலகப் போர் சமயம். தஞ்சாவூர் விமான தளமே அந்தப் போருக்காகப் போட்டதுதான் (2013ல் விமானப்படை நிலையமாக மறுபடி உயிர் பெற்றது, 2020ல் சுகோய் விமானங்கள் வந்தன). லட்சக்கணக்கான சிப்பாய்களுக்கு டீ, சிகரெட், சோப்பு சப்ளை செய்வதைத் தனியார் காண்டிராக்டர்களிடம் விட்டால் சரிவராது என்று 1942ல் ராணுவமே கேன்டீன் சேவையைக் கையில் எடுத்தது. சுதந்திரத்துக்குப் பிறகு, 1948 ஜனவரி 1 அன்று அது கேன்டீன் ஸ்டோர்ஸ் டிபார்ட்மென்ட், சுருக்கமாக சி.எஸ்.டி., ஆனது. தலைமை அலுவலகம் பம்பாய்.

அந்தக் காலத்தில் கார் வாங்குவதே வேறு கதை. அம்பாசடர், ஃபியட், மெட்ராஸில் செய்த ஸ்டாண்டர்ட் ஹெரால்டு, அவ்வளவுதான். கையில் பணம் இருந்தாலும் வண்டி கிடைக்காது. பதிவு செய்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அரசு ஒதுக்கீட்டில் இடம் பிடித்தவர் முன்னால் போவார், மற்றவர் க்யூவில் நிற்பார். 1983ல் மாருதி பதிவு ஆரம்பித்தபோது 10,000 ரூபாய் முன்பணம் கட்டிப் பதிந்தவர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல்! யாருக்கு முதலில் என்று குலுக்கல் போட்டார்கள். ஆக, அப்போதெல்லாம் ஏதோ ஒரு பட்டியலில் நம் பெயர் இருந்தால் அதனால் கிடைத்த லாபம், விலை குறைவது அல்ல, நம் முறை சீக்கிரம் வருவது.

1993ல் கார் தயாரிக்க லைசென்ஸ் வேண்டாம் என்றானது. புதுப்புது கம்பெனிகள் வந்தன, க்யூ காணாமல் போனது. அதற்குப் பிறகு கேன்டீன் கார்டு வைத்திருப்பவருக்கு மிச்சமான ஒரே லாபம் விலைதான்.

அமெரிக்காவில் காஸ்ட்கோ என்ற கடையில் சந்தா கட்டி உறுப்பினர் ஆனால், பேசிவைத்த விலையில் டீலரிடம் கார் எடுக்கலாம். அங்கே குறைவது டீலரின் பாக்கெட்டிலிருந்து. நம் கேன்டீனில் கம்பெனி கொஞ்சம் விட்டுக்கொடுக்கும், ஆனால் பெரிய சலுகை அரசாங்கத்துடையது. 2017ல் ஜி.எஸ்.டி. வந்தபோது கேன்டீன் சரக்குக்குப் பாதி வரி என்று ஆனது. சித்தப்பா எடுத்த சமயத்தில் சின்ன காருக்கு வரி 28 சதவீதம். ஐந்து லட்ச ரூபாய் வண்டிக்கு நாமெல்லாம் 1,40,000 கட்ட வேண்டும், அவருக்கு 70,000 (செஸ் கணக்கு தனி). நடைமுறையும் சுலபம் ஆகியிருந்தது. 2021 ஜனவரியில் ஆன்லைன் வசதி வந்தது. ஷோரூமில் வண்டி இருக்கிறது என்று சான்று வாங்கி, பணத்தை சி.எஸ்.டி. கணக்கில் கட்டினால், டிப்போ டீலருக்கு ஆர்டர் போடும்.

ஆனால் இந்த கிளப்பிலும் முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு உண்டு. 2019 ஜூனில் அமலுக்கு வந்த உத்தரவின்படி அப்போது இருந்த விதி: அதிகாரி என்றால் எட்டு வருஷத்துக்கு ஒரு கார், வரி நீங்கலாக 12 லட்சம் வரை, 2500 சி.சி. வரை. அதிகாரி அல்லாதவர் என்றால் பணிக்காலத்தில் ஒன்று, ஓய்வின்போது ஒன்று, 5 லட்சம் வரை, 1400 சி.சி.க்குள். சித்தப்பா ஆசைப்பட்ட மாடல் ஐந்து லட்சத்தைக் கொஞ்சம் தாண்டியது. ஒரே ஒரு சான்ஸ், அதை விடவும் மனசில்லை. அதற்குக் கீழே உள்ள மாடலையே எடுத்துக்கொண்டார். 24 வருஷ சர்வீஸுக்கு இந்தக் கணக்கு நியாயமா என்று கேட்டேன். "ஆர்டர் ஆர்டர்தாண்டா" என்று சிரித்தார். எனக்கு சிரிப்பு வரவில்லை. பனியில் நின்றவருக்குச் சின்ன வண்டி போதும் என்று யார் முடிவு செய்தார்கள்?

2025 செப்டம்பர் 22 முதல் சின்ன காருக்கு வரி 18 சதவீதமாகக் குறைந்தது. எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் கேன்டீன்காரருக்கு மிச்சமாவதும் குறைந்துவிட்டது. அதே ஐந்து லட்ச வண்டியில் 70,000 மிச்சமானது இப்போது 45,000 தான்.

இதைச் சொன்னதும் அப்பா உடனே நெல்லில் கணக்குப் போட்டார் (டெல்டாக்காரர் வேறு எதில் போடுவார்?). 2025-26ல் சாதா ரகம் கொள்முதல் விலை, மாநில ஊக்கத்தொகை சேர்த்து, குவிண்டாலுக்கு 2,500. 45,000 ரூபாய் என்றால் 18 குவிண்டால். 60 கிலோ மூட்டையில் 30 மூட்டை.

அப்பாவும் ஒரு கிளப்பில் உறுப்பினர்தான்: ஊர்க் கூட்டுறவுக் கடன் சங்கம். 1904 சட்டத்திலிருந்து தொடங்கிய பரம்பரை அது, சி.எஸ்.டி.யைவிட மூத்தது. பயிர்க்கடனும் உரமும் அங்கே கிடைக்கும். "எங்களுக்கு அதுமாதிரி டிராக்டர் கிடையாதா?" என்று சித்தப்பாவிடம் கேட்டார். அதே செப்டம்பரில் டிராக்டர் வரியும் 12லிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது, அதற்குக் கார்டு எதுவும் வேண்டாம் என்று நான் குறுக்கே சொன்னேன்.

"அஞ்சு சதவீதமோ பன்னெண்டோ, முதல்ல டிராக்டருக்குக் காசு வேணுமேடா" என்றார் அப்பா.