முந்தியது மாதிரியா, போர்க்கப்பலா?

ரேடியோவால் இயங்கும் மாதிரிப் போர்க்கப்பலை நிஜக் கப்பலின் நகல் என்றே நினைக்கிறோம். வரலாறு தலைகீழ். 1898இல் நியூயார்க்கின் மேடிசன் சதுக்க அரங்கில், தண்ணீர்த் தொட்டியில் மிதந்த சிறு இரும்புப் படகைக் கம்பியில்லாமல் இயக்கிக் காட்டினார் நிகோலா டெஸ்லா. உலோகத்தூள் அடைத்த ஒரு சிறு உருளை அலையை உணர, பேட்டரியும் மோட்டாரும் சுக்கானைத் திருப்பின. பிரிட்டனின் ‘அகமெம்னான்’ போர்க்கப்பல் ரேடியோவால் இயங்கும் பீரங்கி இலக்காக மாறியதோ முதல் உலகப்போருக்குப் பின்புதான்.

டெஸ்லா காட்டியது ஆயுதத்துக்கான முன்னோட்டமே, விளையாட்டல்ல என்று மறுக்கலாம். உண்மைதான், காப்புரிமையிலேயே போர்ப் பயனைக் குறிப்பிட்டிருக்கிறார். ஆனால் இன்றைய ஆர்வலர் தம் மாதிரிக்குள் பொருத்தும் ரிசீவர், பேட்டரி, சுக்கான் மோட்டார் என்ற அடுக்கு அந்தத் தொட்டியிலேயே மிதந்துவிட்டது. தோற்றத்தில் ஆர்வலர் போர்க்கப்பலைப் பின்பற்றுகிறார். இயக்கத்தில் போர்க்கப்பல்தான் மாதிரியைப் பின்பற்றியது.