கோவையின் கார்ப் பந்தயமும் கணினிப் பந்தயமும்: வண்டி அமைப்பு, ஓட்டும் பாணி

பந்தயக் காரின் வேகத்தை இரண்டு முக்கியக் காரணிகள் முடிவு செய்கின்றன. ஒன்று, தடத்துக்கு ஏற்ப வண்டியைச் சரிசெய்யும் 'செட்டப்'. மற்றது, ஓட்டுநரின் பாணி. இன்று மாணவர்கள் கணினித் திரையில் மாற்றிப் பார்க்கும் இவ்விரண்டுக்கும் கொங்கு நாட்டில் ஒரு வரலாறு உண்டு.

சோழவரம் முதல் செட்டிபாளையம் வரை

சென்னைக்கு அருகே சோழவரத்தில், இரண்டாம் உலகப்போர்க் கால விமான ஓடுதளத்தில் பல ஆண்டுகள் கார்ப் பந்தயங்கள் நடந்தன. 1990-இல் இருங்காட்டுக்கோட்டையில் நிரந்தரத் தடம் அமைந்தது. கோவைக்கு அருகே செட்டிபாளையத்தில், சுமார் 2.1 கி.மீ. நீளமுள்ள 'கரி மோட்டார் ஸ்பீட்வே' 2003-இல் திறக்கப்பட்டது.

அத்தடம் கோவையைச் சேர்ந்த எஸ். கரிவரதனின் பெயரைத் தாங்கியுள்ளது. பந்தய வீரரான அவர் கார்களை வடிவமைத்தவரும்கூட. வெளிநாட்டுக் கார்களை வரவழைக்க வசதியுள்ளோர் மிகச் சிலரே. எனவே மாருதி 800 காரின் 796 சி.சி. என்ஜினைக் கொண்டு 'ஃபார்முலா மாருதி' என்னும் ஒற்றை இருக்கைக் காரை உருவாக்கினார். 1995-இல் விமான விபத்தில் காலமானார்.

எல்லோருக்கும் ஒரே வகைக் கார் என்றால் பணத்தின் பலம் குறைகிறது. ஓட்டும் திறமை முன்னுக்கு வருகிறது. கோவையில் வளர்ந்த நரேன் கார்த்திகேயன் 1993-இல் ஃபார்முலா மாருதி ஓட்டினார். 2005-இல் ஜோர்டான் அணியில் சேர்ந்து ஃபார்முலா ஒன்னில் ஓட்டிய முதல் இந்தியரானார்.

செட்டப்பும் பாணியும்

டயர் காற்றழுத்தம், ஸ்பிரிங்கின் விறைப்பு, கியர் விகிதம், பிரேக் விசை முன்னும் பின்னும் பிரியும் அளவு, இறக்கைகளின் சாய்வு ஆகியவை செட்டப்பில் அடங்கும். ஒன்றைப் பெற்றால் மற்றொன்றை இழக்க நேரும். இறக்கையைச் சாய்த்தால் வளைவில் பிடிப்பு கூடும். நேர்ச்சாலையில் வேகம் குறையும். முன்பக்க ஸ்பிரிங்கை விறைப்பாக்கினால், வளைவில் வண்டி திரும்ப மறுத்து வெளியே தள்ளும். இது 'அண்டர்ஸ்டீர்'. பின்பக்கம் வழுக்கிச் சுழலப் பார்ப்பது 'ஓவர்ஸ்டீர்'.

வளைவுக்குள் வரும்வரை பிரேக்கைச் சிறிதுசிறிதாக விடுபவருக்கு முன்சக்கரங்களில் பாரம் நிற்கும். வண்டி எளிதில் திரும்பும். நேராக இருக்கும்போதே பிரேக்கை முழுதும் விடுபவருக்கு அதே வண்டி திரும்பாதது போலத் தோன்றும். ஆகவே ஒருவருக்குப் பொருந்திய செட்டப் மற்றவருக்குப் பொருந்தாமல் போகலாம்.

கணினியில் பந்தயம்

1984-இல் வெளிவந்த 'ரெவ்ஸ்' விளையாட்டிலேயே இறக்கைகளை மாற்ற முடிந்தது. 1989-இல் வந்த 'இண்டியானாபொலிஸ் 500' செட்டப்பை விரிவாக்கியது. 1998-இல் 'கிராண்ட் பிரிக்ஸ் லெஜண்ட்ஸ்' 1967-ஆம் ஆண்டுக் கார்களின் வழுக்கலைக் காட்டியது. 2008-இல் வந்த 'ஐரேசிங்' லேசர் அளவீட்டில் உண்மைத் தடங்களைப் படியெடுத்தது. பிரிட்டனின் ஜான் மார்டன்பரோ, கிரான் டூரிஸ்மோ விளையாட்டை அடிப்படையாகக் கொண்ட போட்டியில் 2011-இல் வென்று, 2013-இல் லே மான்ஸ் 24 மணிப் பந்தயத்தில் ஓட்டினார்.

உண்மைத் தடத்தில் பழக டயர், எரிபொருள், தட வாடகை என்று ஒவ்வொரு சுற்றுக்கும் செலவு. கருமத்தம்பட்டியில் விசைத்தறி ஓட்டும் வீட்டுப் பிள்ளைக்கு அது எட்டாத தொகை. கரிவரதன் மாருதி என்ஜினால் குறைக்க முயன்ற இடைவெளியைக் கணினி மேலும் குறைக்கிறது. ஆனால் உடலை அழுத்தும் விசையும், மோதினால் வரும் வலியும் திரையில் இல்லை. அவற்றுக்குத் தடத்தில்தான் பழக வேண்டும்.

பழகும் மாணவர்கள் ஒரு நேரத்தில் ஒரே ஒரு அளவை மாற்றி, ஐந்து சுற்று ஓட்டி, நேரத்தைக் குறித்து வைப்பது நல்லது. தறி மேஸ்திரியும் இழை அறுந்தால் எல்லாத் திருகையும் ஒருசேரத் திருப்புவதில்லை. ஒரே சீராக ஓட்டப் பழகிய பிறகே, குறை வண்டியிலா கையிலா என்பது தெரியவரும்.