கல்வீதியும் காற்று ரயரும்

துவிச்சக்கர வண்டி ஓட்டத் தெரிந்தவர்களுட் பெரும்பாலார் ஒரு காரியத்தைச் சோதித்துப் பாராமலே உண்மையென்று கொண்டிருப்பர். ரயர் ஒடுங்கியதாய், உள்ளே காற்று கல்லுப்போல் இறுகியதாய் இருந்தால் வண்டி விரைந்தோடும். ரயர் அகன்று மென்மையாயிருந்தால் மந்தமாகும் என்பதே அது. இது சாமானியரின் நம்பிக்கை மட்டுமன்று. ஐரோப்பாவின் பந்தய வீரரும், அவர்தம் வண்டிகளைச் செப்பஞ்செய்யும் கம்மியரும், ரயர் செய்யும் ஆலைக்காரருங்கூட மிக நீண்டகாலம் இதையே வேதவாக்காகக் கொண்டிருந்தனர். அந்நம்பிக்கை தளர்ந்த கதையை அறிய விரும்புவோர் வடபிரான்சின் கல்வீதிகளுக்குச் செல்லவேண்டும்.

அதற்கு முன் ஒரு வார்த்தை. காற்றடைத்த ரயரைப் பற்றி ஸ்கொத்லாந்தவரான றொபேட் தொம்சன் 1845ஆம் ஆண்டிலேயே உரிமைப் பத்திரம் பெற்றிருந்தார். உலகம் அதை மறந்துவிட்டது. 1888இல் பெல்பாஸ்ற் நகரில் மிருக வைத்தியராயிருந்த யோன் போய்ட் டன்லொப், தம் மகனுடைய மூன்றுசில்லு வண்டி கரடுமுரடான தரையில் ஓடும்போது குலுங்காதிருக்கும் பொருட்டு அதை மீண்டுங் கண்டுபிடித்தார். அடுத்த ஆண்டிலேயே வில்லி ஹியூம் என்பவர் அந்த ரயரைப் பூட்டி அயர்லாந்திலும் இங்கிலாந்திலும் பந்தயங்களை வென்றார். திண்ணிய இறப்பர் ரயருக்கு அத்துடன் பந்தயத்தில் வாழ்வில்லாமற் போயிற்று. காற்று ரயர் பிறந்ததே கரடான தெருவின் அதிர்ச்சியை விழுங்குவதற்காகத்தான். அவ்வாறு பிறந்த பொருளைத்தான் பின்வந்தோர் கல்லுப்போல இறுக்கக் காற்றடித்தனர் என்பதை வாசகர்கள் மனத்திற் கொள்ளவேண்டும்.

ரூபே என்பது பெல்ஜிய எல்லைக்கருகிலுள்ள நெசவாலை நகரம். அங்கே ஆலை முதலாளிகளான தியோடோர் வியென், மொறிஸ் பெரெஸ் என்னும் இருவர் துவிச்சக்கர வண்டிப் பந்தயத்துக்கென ஓர் அரங்கம் கட்டினர். அவ்வரங்கத்துக்கு விளம்பரம் தேடுவதற்காகப் பாரிஸ் நகரிலிருந்து ரூபே வரை ஒரு பந்தயத்தை ஏற்பாடு செய்தனர். 1896ஆம் ஆண்டு ஏப்ரில் 19ஆந் திகதி நடந்த முதற் பந்தயத்தில் ஜேர்மானியரான யோசெப் பிஷர், 280 கிலோமீற்றர் தூரத்தை மணிக்கு ஏறக்குறைய 30 கிலோமீற்றர் வேகத்தில் ஓடி வென்றார். அக்காலத்தில் அப்பகுதியின் பெருந்தெருக்களே கல்பாவியவைதாம். ஆகையால் கல்லைத் தேடி எவரும் போகவில்லை. இருந்த வழியே ஓடினர்.

முதல் உலகப்போர் முடிந்தபின் 1919இல் பந்தயத்தை மீண்டும் நடத்த எண்ணி வழிபார்க்கச் சென்றோர் கண்டது குண்டுக்குழிகளும், கருகிய மரங்களும், இடிந்த ஊர்களுமே. “வடக்கின் நரகம்” என்ற பெயர் அப்போதே தோன்றியது. இன்று பலர் அப்பெயர் கற்களைக் குறிப்பதாக எண்ணுகின்றனர். போரின் அழிவையே அது முதலிற் குறித்தது.

இரண்டாம் உலகப்போருக்குப் பின் வேறொரு விசித்திரம் நிகழ்ந்தது. தொலைக்காட்சியில் தம் ஊர்த்தெருக்கள் பழங்கற்களோடு தோன்றுவதை அவமானமாகக் கருதிய நகரபிதாக்கள் அவற்றின்மேல் தாரூற்றினர். 1960களின் நடுவில் ஏறத்தாழ 22 கிலோமீற்றர் கல்வீதியே பந்தய வழியில் எஞ்சியிருந்தது. 1964இல் ஒல்லாந்தரான பீற்றர் போஸ்ற் மணிக்கு 45.1 கிலோமீற்றர் வேகத்தில் வென்றமைக்கு வழி இலகுவாயிருந்ததும் ஒரு காரணம். இப்படியே விட்டால் பந்தயத்தின் உயிரே போய்விடும் என அஞ்சிய அமைப்பாளர், பழைய கல்வீதிகளைத் தேடி ஆளனுப்பினர். அப்போது ஷான் ஸ்ராப்லின்ஸ்கி என்னும் வீரர் ஆரன்பேர்க் காட்டினூடே செல்லும் ஒரு கல்வழியைக் காட்டிக்கொடுத்தார். அவர் இளமையில் அந்நிலத்தின் கீழுள்ள நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை செய்தவர். 1968இல் அவ்வழி பந்தயத்திற் சேர்ந்தது. அவ்வாண்டு வென்றவர் எடி மேர்க்ஸ். அன்று தொட்டு இப்பந்தயம் கல்லைத் தேடிச்சென்று ஓடும் பந்தயமாயிற்று. இக்காலத்தில் ஏறக்குறைய 260 கிலோமீற்றர் தூரத்தில் 55 கிலோமீற்றர் அளவு கல்வீதியே. வெல்பவருக்குப் பரிசாகக் கொடுப்பதும் பீடத்தில் ஏற்றிய ஒரு வீதிக்கல்தான்.

இவ்வீதிக்கு வீரர் எந்த ரயரைப் பூட்டினர்? ரியூபை உள்ளே வைத்துத் தைத்து, சில்லின் வளையத்தோடு பசையால் ஒட்டும் ரயர்களையே அவர்கள் நம்பினர். பருத்தி நூலால், சிலவேளை பட்டுநூலால், நெய்யப்பட்டவை அவை. சில கம்மியர் அவற்றை நிலவறைகளில் ஆண்டுக்கணக்காகத் தொங்கவிட்டுப் “பழுக்க” வைத்தனர். பழுத்ததால் நன்மை உண்டாயிற்றோ, நம்பிக்கைதான் உண்டாயிற்றோ, யார் கண்டார்! சாதாரண பந்தயங்களுக்கு 20 முதல் 23 மில்லிமீற்றர் அகலமான ரயர், அதில் சதுர அங்குலத்துக்கு 100 இறாத்தலுக்கு மேற்பட்ட அமுக்கம். ரூபேக்கு மட்டும் 25, 27 எனச் சிறிது அகலங் கூட்டுவர். அதையும் மனமுவந்து செய்தாரல்லர். வேகத்தை இழக்கிறோம், ஆனால் ரயர் வெடிக்காமற் போய்ச்சேர்வோம் என்ற கணக்கே அது.

அதிர்ச்சியைத் தணிக்க வேறு வழியுந் தேடினர். 1992இல் ஷில்பேர் டுக்லோ-லசால் என்ற பிரெஞ்சுக்காரர், மலைவழி வண்டிகளுக்கு அமெரிக்கர் செய்த ரொக்ஷொக்ஸ் என்னும் அதிர்வுதாங்கும் கவையை முன்சில்லுக்குப் பூட்டி வென்றார். அடுத்த ஆண்டு 38 வயதில் மீண்டும் வென்றார். அன்று இத்தாலியரான பிராங்கோ பலெரினி தாமே வென்றதாகக் கருதிக் கையுயர்த்திக் கொண்டாடினார்; நிழற்படமோ சில அங்குல வித்தியாசத்தில் மற்றவரே முந்தியதைக் காட்டியது. 1994இலும் அத்தகைய கவையே வென்றது. எனினும் அதன் பாரத்தை வீரர் விரும்பவில்லை. சில ஆண்டுகளில் அது கைவிடப்பட்டது. எந்த வேலைக்காக அந்த எந்திரத்தைப் பூட்டினார்களோ, அந்த வேலையைச் செய்யும் காற்று ஏற்கெனவே ரயருக்குள் இருந்தது!

இனி, பழைய நம்பிக்கை பிழைத்த இடத்தைப் பார்ப்போம். ஆலைகளில் ரயரை ஒரு வழுவழுப்பான உருக்கு உருளைமேல் ஓடவிட்டு, விரயமாகும் சக்தியை அளந்தனர். அமுக்கம் கூடக்கூட ரயர் நெளிவது குறைந்தது, விரயமும் குறைந்தது. அளவு சரியே. ஆனால் உருளையின்மேல் மனிதன் இருக்கவில்லை; உருளையிற் கல்லும் இருக்கவில்லை. உண்மையான வீதியில் இறுகிய ரயர் நெளிய மறுக்கிறது. ஆகவே ஒவ்வொரு கல்லிலும் வண்டியும் மனிதனும் சேர்ந்து மேலெழுந்து விழவேண்டியிருக்கிறது. அவ்வதிர்ச்சியைத் தசைகள் வாங்கி வெப்பமாக்கிவிடுகின்றன. முன்னே செல்லப் பயன்படவேண்டிய சக்தி உடம்பைக் குலுக்குவதிற் போய்விடுகிறது. இரும்புப் பட்டம் போட்ட மாட்டுவண்டியிற் கல்றோட்டிற் போனவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. 2000ஆம் ஆண்டுக்குப் பின் அமெரிக்காவில் யான் ஹைனே என்னும் சஞ்சிகையாசிரியர் ஆளேறிய வண்டிகளை உண்மையான தெருக்களிலும், பெருந்தெரு ஓரத்து வரிமேடுகளிலும் ஓடவிட்டு அளந்தபோது இது தெளிவாயிற்று. மேலும், இறுகிய ரயர் கைக்குத் தரும் அந்த விறுவிறுப்பான அதிர்வையே வீரர் வேகமென்று எண்ணி ஏமாந்தனர்.

அப்படியானால் ஒடுங்கிய ரயரிலேயே காற்றைக் குறைத்தாலென்ன? குறைத்தால் கல்லின் விளிம்பு ரயரை அமுக்கி, வளையத்துக்கும் கல்லுக்கும் நடுவே ரியூபைக் கடித்துவிடும். பாம்பு கடித்தாற்போல இரண்டு துளைகள்! அகன்ற ரயரிலோ கல்லுக்கும் வளையத்துக்கும் இடையே காற்றின் ஆழம் அதிகம். ஆகவே மென்மையாக ஓட்டலாம். அகலத்தின் பெரும்பயன் அகலமன்று. அமுக்கத்தைக் குறைக்க அது தரும் அனுமதியே.

அறிவு வந்தும் வண்டி இடங்கொடுக்கவில்லை. வளையத்தைக் கவ்விப் பிடிக்கும் பழைய பிறேக்கினூடே 28 மில்லிமீற்றர் ரயர் நுழைவதே அரிது. தட்டுப் பிறேக் வந்தபின்பே கவை விரிந்தது. அதற்கும் எதிர்ப்பிருந்தது. 2016ஆம் ஆண்டு ரூபேப் பந்தயத்தில் ஸ்பானிய வீரரொருவர் தம் காலைத் தட்டுத்தான் வெட்டியதென முறையிட, சோதனை நிறுத்தப்பட்டது. 2018இல் முழு அனுமதி கிடைத்தது.

2021இல், தொற்றுநோயால் ஒக்ரோபருக்குத் தள்ளிவைக்கப்பட்ட பந்தயம் மழையிலும் சேற்றிலும் நடந்தது. அவ்வாண்டே முதன்முறையாகப் பெண்களுக்கும் பந்தயம் நடந்தது. இங்கிலாந்தின் லிசி டெய்க்னன் எண்பது கிலோமீற்றருக்குமேல் தனியே ஓடி வென்றார். மறுநாள் ஆண்களிற் சொனி கொல்பிறெல்லி வென்றார். இருவருடைய ரயரிலும் ரியூபே இல்லை. அகலம் 30, 32 மில்லிமீற்றர். எமது ஊரில் மூட்டையேற்றும் பழைய வண்டியின் ஒன்றரை அங்குல ரயர் 38 மில்லிமீற்றர். பந்தயக்காரர் எங்கே வந்துகொண்டிருக்கிறார்கள் என்பதைப் பாருங்கள்!

போஸ்ற்றின் வேகத்தை 2017வரை எவரும் முறியடிக்கவில்லை. பின்னர் 2022, 2023, 2024 ஆகிய மூன்றாண்டுகளும் அடுத்தடுத்து அது முறியடிக்கப்பட்டது. 2024இல் மத்தியூ வான் டெர் பூல் ஓடியது மணிக்கு 47.8 கிலோமீற்றர். முழுப்புகழையும் ரயருக்கே கொடுப்பது நீதியன்று. காற்றின் திசை, உணவு, வண்டியின் வடிவு, பந்தயம் தொடங்குமுன்பே மூளும் போட்டி எல்லாம் அதிற் பங்குடையன. ஆனால் அகன்ற ரயர் மந்தமானது என்று இனி எவரும் வாதிடமுடியாது.

ரயர் அகன்றாலும் கல் கல்லே. 2023இல் முடிவுக்குச் சில கிலோமீற்றர் முன், “மரத்தடிச் சந்தி” எனப் பொருள்படும் கடுங்கல்வழியில், வௌட் வான் ஆர்ட்டும் வான் டெர் பூலும் முன்னே பாய்ந்தனர். அங்கே வான் ஆர்ட்டின் பின்சில்லிற் காற்றுப் போயிற்று. சில்லை மாற்றிக்கொண்டு அவர் புறப்படுவதற்குள் மற்றவர் கண்ணுக்கெட்டாத் தூரம் போய்விட்டார். வான் ஆர்ட் ரூபே அரங்கத்தை அடைந்து மூன்றாமிடம் பெற்றார்.