நிறை, எடை, திணிவு

வகுப்பறையில் இயற்பியல் சொற்களுக்குப் பொருள் தேடும் விளையாட்டு நடந்தது. ‘நிறை’ என்ற சீட்டை எடுத்த மாணவி பிஸ்கட் பொட்டலம் ஒன்றைக் கொண்டுவந்தாள். அதன்மேல் ‘நிகர எடை 100 கிராம்’ என்று அச்சிட்டிருந்தது. கிராம் நிறைக்கான அலகு, எடைக்கு நியூட்டன். கடைத்தெரு இரண்டையும் ஒன்றாக்கிவிட்டது. ‘எடு’ என்பதிலிருந்து வந்தது எடை. எண்ணல், முகத்தல், நீட்டல் போல எடுத்தலும் ஓர் அளவை. தூக்கும் கை உணர்கிற பாரமே எடை. நிலவில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்காகிவிடும். நிறையோ பொருளுக்குள் நிறைந்திருப்பது. எங்கே கொண்டுபோனாலும் மாறாது. இது தமிழ்நாட்டுப் பாடநூல் தந்த புதுப்பொருள். பழந்தமிழில் நிறை என்றாலும் பாரம்தான். தராசுக்கு ‘நிறைகோல்’ என்று பெயர். இலங்கைப் பாடநூல்கள் அந்தப் பழம்பொருளையே வைத்துக்கொண்டன. அங்கே நிறை என்பது நம் எடை. நம் நிறைக்கு அவர்கள் சொல் ‘திணிவு’. திணிந்து செறிந்திருப்பது என்று அச்சொல்லே விளக்கிவிடுகிறது. பாரத்தோடு குழம்பவும் இடமில்லை. என் மனம் திணிவின் பக்கமே சாய்கிறது. தமிழ்நாட்டில் ‘நிறை’ வேரூன்றிவிட்டதால் அதை மாற்றச் சொல்லமாட்டேன். ஆனால் அடுத்த விளையாட்டில் ‘திணிவு’ என்ற சீட்டையும் ஆசிரியர்கள் சேர்க்க வேண்டும். இரு நாட்டுத் தமிழ்ப் பிள்ளைகளும் ஒருவர் பாடநூலை மற்றவர் தடையின்றிப் படிக்க அது உதவும்.