பென்சில் கோடும் நட்சத்திரக் குறியும்

விடைத்தாள் திருத்தும் பொறியின் வரலாறு ஒரு பள்ளி ஆசிரியரிடம் தொடங்குகிறது. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் பணியாற்றிய ரேனால்ட் ஜான்சன், பென்சில் கரி மின்சாரத்தைக் கடத்தும் என்ற எளிய உண்மையைக் கொண்டு, மாணவர் தீட்டிய குறிகளைக் கணக்கிடும் கருவியை உருவாக்கினார். ஐ.பி.எம். நிறுவனம் அவரைப் பணியில் அமர்த்திக்கொண்டு, 1938இல் ‘805’ என்னும் எண்ணுடன் அக்கருவியை வெளியிட்டது. (கணினி வன்தட்டை முதன்முதலில் உருவாக்கிய குழுவுக்குத் தலைமை தாங்கியவரும் இதே ஜான்சன்தான்.) 1950களில் அயோவா பல்கலைக்கழகத்தின் லிண்ட்குவிஸ்ட் மின்சாரத்தின் இடத்தில் ஒளியைக் கொண்டுவந்தார். இன்றைய ஓ.எம்.ஆர். தாள் அவ்வழி வந்தது.

வட்டத்தைத் தீட்டும் தேர்வில் பொறிக்கு மொழி வேண்டியதில்லை, தேர்வெழுதுபவருக்கு வேண்டும். 2018 நீட் தமிழ் வினாத்தாளின் 49 வினாக்களில் மொழிபெயர்ப்புப் பிழைகள் உள்ளன என்று தொடுக்கப்பட்ட வழக்கில், வினாவுக்கு 4 வீதம் 196 மதிப்பெண் வழங்குமாறு சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ஆணையிட்டது. அவ்வாண்டு நவம்பரில் உச்ச நீதிமன்றம் அவ்வாணையை நீக்கியது. மொழிபெயர்ப்பில் ஐயம் எழுந்தால் ஆங்கில வினாவே இறுதியானது என்பது தேர்வு விதி. இத்தனைக்கும் நடுவே பொறி தன் வேலையைப் பிழையின்றியே செய்திருந்தது.

மாணவர் தம் சொல்லால் விடை எழுதத் தொடங்கும்போதுதான் பொறிக்கும் மொழிச் சிக்கல் வருகிறது. இல்லினாய் பல்கலைக்கழகத்தில் 1960இல் தொடங்கிய ‘பிளேட்டோ’ கணினிவழிக் கல்வித் திட்டம் இதனை நேரடியாக எதிர்கொண்டது. அதற்கென 1960களின் பிற்பகுதியில் பால் டென்சார் வடிவமைத்த ‘டியூட்டர்’ மொழியில், ஆசிரியரே வினாவை அமைத்து, எந்தச் சொற்களைப் பொருட்படுத்த வேண்டாம், எவை ஒருபொருட் சொற்கள் என்று குறிப்பிடலாம். ‘இட் இஸ் எ’ என்று மாணவர் தொடங்கினாலும் அவற்றை ஒதுக்கிவிட்டு, கருவி மையச் சொல்லை மட்டும் பார்க்கும்.

அழகான ஏற்பாடுதான். ஆனால் அது ஆங்கிலத்தின் இயல்பை நம்பி நிற்கிறது. அங்கே ‘இன்’, ‘டு’ முதலியவை தனிச் சொற்கள். இடைவெளி கண்ட இடத்தில் வெட்டி எறியலாம். தமிழில் வேற்றுமை உருபு பெயரோடு ஒட்டும். ஒட்டும்போது பெயரையே மாற்றிவிடும்.

2002இல் வெளிவந்து, கட்டற்ற மென்பொருளாக இன்று உலகெங்கும் வகுப்புகளில் வழங்கும் ‘மூடுல்’ இதற்கு ஒரு வழி தருகிறது. அதன் குறுவிடை வினாவில் நட்சத்திரக் குறி இட்டால், அவ்விடத்தில் எவ்வெழுத்தும் வரலாம் என்று பொருள். ‘சென்னை*’ என்று பதிந்தால் சென்னையில், சென்னைக்கு, சென்னையிலிருந்து அனைத்தும் சரி. ‘மரம்’ என்ற விடைக்கு இது உதவாது. மகர ஈறு கெட்டு அத்துச் சாரியை வந்து மரத்தை, மரத்தில் என்றாகும்போது ‘மரம்*’ தோற்கிறது. ‘மர*’ என்று சுருக்கினாலோ மரபும் மரணமும் சரியான விடைகளாகிவிடும்.

ஆங்கில ஆசிரியர் ஒருமுறை பதிவதைத் தமிழாசிரியர் மும்முறை பதிய வேண்டும்: மரம்*, மரத்*, மரங்*. ஒவ்வொரு வினாவுக்கும் இவ்வுழைப்பு. சலித்தவர் பலவுள் தெரிவு வினாவுக்கே திரும்புவார்; அங்கே மாணவர் தமிழில் ஒரு சொல்லும் எழுதுவதில்லை. என் நோக்கில் இழப்பு அங்கேதான் நிகழ்கிறது. உருபனியல் பகுப்பாய்வை இத்தகைய கருவிகளோடு இணைப்பதே உரிய தீர்வு. அதுவரை மூன்று வரிகளையும் பொறுமையாகப் பதிந்தாலும், ‘மரத்துப்போனது’ என்று எழுதிய மாணவருக்கு முழு மதிப்பெண் கிடைத்துக்கொண்டுதான் இருக்கும்.