பாமினிக் காலம்

ஜே, கே, பீ, ஓ, பிறகு ஒரு அரைப்புள்ளி. இந்த ஐந்து விசைகளையும் வரிசையாக அடித்தால் பாமினி எழுத்துருவில் 'தமிழ்' என்று வரும். என்னுடைய வயதுக்காரருக்கு இது பெருக்கல் வாய்ப்பாடு மாதிரி, நித்திரையில் கேட்டாலும் சொல்லுவோம். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குச் சொன்னால் விளங்காது. போனில் தமிழ் தானாக வருகிறதுதானே, இதில் என்ன சரித்திரம் இருக்கிறது என்று கேட்கிறார்கள். இருக்கிறது. ஆனால் எழுதி வைக்கத்தான் ஆளில்லை.

நான் கொம்பியூட்டர் படித்தவன் இல்லை. பல்கலைக்கழகத்தில் இரண்டு வருசம் இருந்தேன். 2006 ஓகஸ்டில் ஏ9 பாதையைப் பூட்டினார்கள், என்னுடைய படிப்பும் அதோடு பூட்டுப்பட்டது. இப்போது பாரிசில் ஒரு ரெஸ்ரோரண்ட் குசினியில் வேலை. ஆகவே மென்பொருள் நிபுணர்கள் கொஞ்சம் பொறுமையாக வாசிக்கவும் :-)

லா சப்பலுக்கு எண்பதுகளில் வந்து சேர்ந்த அண்ணைமார் ஒரு விசயத்தைச் சொல்லுவார்கள். உலகம் இன்ரநெற் என்ற பெயரைக் கேள்விப்படுவதற்கு முன்னமே பிரான்சில் வீட்டுக்கு வீடு மினிடெல் இருந்தது. சின்ன ரி.வி. போல ஒரு பெட்டி, முன்னால் மடிக்கிற கீபோட். 1982இல் நாடு முழுவதும் தொடங்கினார்கள். தொலைபேசிப் புத்தகத்துக்குப் பதிலாகச் சும்மாவே கொடுத்தார்கள். ரயில் ரிக்கற் போடலாம், முகவரி தேடலாம், முன்பின் தெரியாத ஆட்களோடு கதைக்கலாம். 2012 ஜூன் 30இல் நிறுத்தினார்கள். நான் முதன்முதல் வேலை செய்த இடத்தில் கல்லாவுக்குக் கீழே ஒன்று தூசி பிடித்துக் கிடந்தது. பிரெஞ்சுக்காரன் அதில் எழுதிக்கொண்டிருந்த காலத்தில் எங்கள் சனம் பாரிசில் சஞ்சிகையைக் கையால் எழுதிப் போட்டோகொப்பி எடுத்துக்கொண்டிருந்தது. மினிடெலில் தமிழ் வராது. தமிழ்த் தட்டச்சு மெசின் வைத்திருந்தவரை எல்லாருக்கும் தெரியும்.

தொண்ணூறுகளில் கொம்பியூட்டர் மலிந்ததும் நிலைமை மாறியது. 'அம்மா', 'எக்ஸில்' போன்ற சஞ்சிகைகள் பாரிசில் இருந்து வந்த காலம் அது. கல்யாண அழைப்பிதழ், அந்தியேட்டிக் கல்வெட்டு, கடைத் துண்டுப்பிரசுரம் எல்லாம் கொம்பியூட்டரில் அடிக்கத் தொடங்கினார்கள். ஈழத்தவர் எங்கே இருந்தாலும் பெரும்பாலும் பாமினிதான். சனத்துக்குத் தட்டச்சுப் பழக்கம் இருந்தது, பாமினி அந்த ஒழுங்கையே கீபோட்டில் தந்தது.

பாமினி செய்த வேலை என்ன என்று விளங்கினால்தான் மிச்சக் கதை விளங்கும். கொம்பியூட்டருக்கு எழுத்து என்பது ஒரு எண். ஆங்கில 'கே'க்கு ஒரு எண் இருக்கிறது. பாமினி அந்த எண்ணைத் தொடாமல் விட்டுவிட்டு, திரையில் 'கே'யின் படத்துக்குப் பதிலாக 'ம' என்ற படத்தை வைத்தது. அவ்வளவுதான். நாங்கள் 'அம்மா' என்று எழுதினோம், மெசின் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று சேமித்தது. எழுத்துருவைக் கழற்றினால் உள்ளே இருப்பது ஆங்கிலக் குப்பை. தமிழ்ச் சட்டை போட்ட ஆங்கிலம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பிரான்சில் இருந்தவர்களுக்கு இதில் இன்னொரு கூத்து. இங்கத்தைக் கீபோட் வேறு. ஆங்கிலக் கீபோட்டில் 'கியூ' இருக்கிற இடத்தில் இங்கே 'ஏ', 'ஏ' இருக்கிற இடத்தில் 'கியூ'. 'டபிள்யூ'வும் 'இசட்'டும் இடம் மாறியிருக்கும். 'எம்' எழுத்து 'எல்'லுக்குப் பக்கத்தில் வந்து குந்தியிருக்கும். பாமினி எண்ணைப் பார்க்குமே தவிர விரலைப் பார்க்காது. யாழ்ப்பாணத்தில் ரைப்பிங் பழகிய ஒருவர் பாரிசுக் கீபோட்டில் கண்ணை மூடிக்கொண்டு 'யாழ்ப்பாணம்' என்று அடித்தால் திரையில் இப்படி வரும்:

ஙாழஅபஅபாறமஅ

யகரம் போய் ஙகரம் வரும், ணகரம் போய் றகரம் வரும், குற்று எல்லாம் அகரமாகும். 'ங' சின்னவிரலுக்குக் கீழே சிம்மாசனம் போட்டு இருக்கும். அதனால் பாரிசுத் தமிழர் பலர் பாமினியை இரண்டாம் தரம் பழகினார்கள். ரொறன்ரோவில் இருந்து விருந்துக்கு வந்த மச்சான் ஒருவர் என்னுடைய கீபோட்டில் ஒரு வரி அடித்துப் பார்த்துவிட்டு, உங்களுடைய தமிழுக்கு வாதம் வந்திருக்கு என்றார்.

பாமினி மட்டும் இருந்திருந்தாலும் பரவாயில்லை. சென்னையில் ஒவ்வொரு பத்திரிகையும் சஞ்சிகையும் தனக்கென்று ஒரு எழுத்துரு வைத்திருந்தது. ஒரு தளத்தை வாசிக்க ஒரு எழுத்துருவை இறக்க வேண்டும், அடுத்த தளத்துக்கு இன்னொன்று. ஒன்றில் எழுதியதை மற்றதில் திறந்தால் பேய் எழுத்து. தேடுபொறியில் தேடவும் முடியாது, ஏனென்றால் அதன் கண்ணுக்கு அங்கே தமிழே இல்லை.

இதை நேராக்க முயன்றவர்களில் பலர் தமிழ்நாட்டில் இருக்கவில்லை. மலேசியாவில் முத்து நெடுமாறன் எண்பதுகளிலேயே முரசு மென்பொருளைத் தொடங்கிவிட்டார். சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி 1997இல் தமிழ்இணைய மாநாட்டைக் கூட்டினார், இரண்டே வருசத்தில், 1999 மே மாதம், காலமாகிவிட்டார். அவுஸ்திரேலியாவில் இருந்து பாலா பிள்ளை நடத்திய தமிழ்.நெற்றில் உலகத்தின் நாலு மூலையிலும் இருந்தவர்கள் மின்னஞ்சலிலேயே சண்டை பிடித்து, 'திஸ்கி' என்று ஒரு பொது ஒழுங்கை உருவாக்கினார்கள். அதில் கீழ்ப்பாதி 128 இடங்களும் ஆங்கிலத்துக்கு, மேற்பாதி தமிழுக்கு. ஒரே பந்தியில் இரண்டு மொழியும் எழுதலாம். அதே ஆட்களில் ஒருவரான கலியாணசுந்தரம், சுவிஸ் லோசானில் இரசாயன விஞ்ஞானி, 1998 பொங்கலன்று மதுரைத் திட்டத்தைத் தொடங்கினார். திருக்குறளும் சிலப்பதிகாரமும் இன்று உங்கள் போனில் வருவதற்கு அந்த ஆட்கள் வேலை முடிந்த இரவுகளில் அடித்த அடிதான் காரணம். ஒருவருக்கும் ஒரு சதம் கிடைக்கவில்லை.

1999 பெப்ரவரியில் சென்னையில் மாநாடு நடந்தது. அங்கே தமிழ்99 என்ற கீபோட்டையும் 'டாம்', 'டாப்' என்று இரண்டு குறியீட்டு முறைகளையும் ஏற்றுக்கொண்டார்கள். கீபோட் உண்மையில் நல்லது, உயிரெழுத்து இடக்கையில், மெய்யெழுத்து வலக்கையில். ஆனால் குறியீடு? திஸ்கி ஒருபக்கம், டாப் ஒருபக்கம், பாமினி ஒருபக்கம். மூன்று கோயில் கட்டி மூன்று திருவிழா செய்வது எங்களுக்குப் புதிதா என்ன?

இத்தனைக்கும் யூனிகோட் 1991இலேயே வந்துவிட்டது. உலகத்து எழுத்து ஒவ்வொன்றுக்கும் ஒரு தனி எண், தமிழுக்கு 128 இடங்கள். இந்திய அரசின் 'இஸ்கி' முறையை அப்படியே பார்த்துச் செய்தார்கள். அதில் 'கொ' என்பது ககரமும் ஒரு ஒகரக் குறியும். ஒகரக் குறியை ககரத்துக்கு முன்னாலும் பின்னாலும் பிரித்துப் போட மெசினுக்குத் தெரிந்திருக்க வேண்டும். 2000இல் வந்த விண்டோஸ் 2000தான் இதைத் தெரிந்துகொண்டு, லதா என்ற எழுத்துருவோடு வந்த முதல் விண்டோஸ். 98 வைத்திருந்த சனத்துக்குப் பெட்டி பெட்டியாகத் தெரிந்தது. எல்லா உயிர்மெய்க்கும் தனித்தனி இடம் தந்திருக்க வேண்டும் என்று சண்டை போட்டவர்கள் இருந்தார்கள். அவர்களுடைய 'டேஸ்16' முறையை 2010இல் தமிழ்நாட்டு அரசு யூனிகோட்டுக்குப் பக்கத்தில் மாற்றாக ஏற்றுக்கொண்டது. அவர்கள் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனால் பஸ் போய் பத்து வருசம்.

நான் பாரிசுக்கு வந்து சேர்ந்த நேரம் இந்தச் சண்டை யூனிகோட்டின் பக்கம் சாய்ந்துவிட்டது. ஆனால் புபூர் சன் தெனி வீதிப் பக்கத்து இன்ரநெற் கடைகளில் அந்தச் செய்தி யாருக்கும் தெரியாது. உள்ளே பெடியள் வரிசையாக இருந்து கவுண்டர் ஸ்ரைக் விளையாடுவார்கள், ஒருவரை ஒருவர் சுட்டுக்கொண்டு பிரெஞ்சில் கத்துவார்கள். நாங்கள் துவக்குச் சத்தத்துக்கு நடுவில் ஊருக்கு மடல் எழுதுவோம். (போரில் இருந்து தப்பி வந்தவனுக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்து வெடி கேட்பது எப்படி இருக்கும் என்று அந்தப் பெடியளுக்கு நான் சொன்னதில்லை. விளையாட்டு விளையாட்டுத்தான். அவர்களில் ஒருவன்தான் எனக்குக் கொம்பியூட்டரின் பாதி வித்தையைக் காட்டித் தந்தவன்.)

கடைக் கொம்பியூட்டரில் எதையும் நிறுவ விடமாட்டார்கள். எ-கலப்பை நல்ல மென்பொருள்தான், ஆனால் நிறுவ வேண்டும். அங்கே எங்களைக் காப்பாற்றியது சுரதாவின் பொங்குதமிழ் மாற்றி. ஒரு இணையப் பக்கம், மேலே ஒரு பெட்டி, கீழே ஒரு பெட்டி. மேலே பாமினியை ஒட்டினால் கீழே யூனிகோட் வரும். எதையும் நிறுவத் தேவையில்லை. இன்றைக்கு கோடிக் கணக்கில் முதல் போட்டுச் செய்கிற செயலிகள் எத்தனையோ பார்க்கிறேன், எங்கள் சனத்துக்கு அந்த இரண்டு பெட்டியும் செய்த வேலையை ஒன்றும் செய்யவில்லை. ஈழத்து வலைப்பதிவுகள் அந்த வருசங்களில் அப்படிப் பெருகியதற்கு அது ஒரு பெரிய காரணம் என்பது என் எண்ணம்.

ஆனால் மாற்றியில் போடாமல் விட்டது என்ன ஆனது?

தொண்ணூறுகளின் நடுவில் இருந்து 2005 வரை புலம்பெயர்ந்தவர்கள் எழுதியதில் எவ்வளவோ இந்தத் தமிழ்ச் சட்டை போட்ட ஆங்கிலத்தில்தான் இருந்தது. ஊர்ச் சங்கத் தளங்கள், கவிதைப் பக்கங்கள், ஏஜென்சிக்குக் காசு கட்டி ரஷ்யாவால் நடந்து வந்த கதைகள். பலர் ஜியோசிற்றீசில் இலவச இடம் பிடித்து வைத்திருந்தார்கள். 2009 ஒக்ரோபர் 26இல் அது பூட்டப்பட்டது. யாழ்ப்பாண நூலகத்தை 1981இல் எரித்தார்கள், 97 ஆயிரம் புத்தகம் என்று கணக்குச் சொல்கிறோம், சொல்லத்தான் வேண்டும். ஒருவரும் எரிக்காமலே அழிந்துபோன இதற்கு எங்களிடம் கணக்கும் இல்லை, திகதி சொல்லி அழுகிற வழக்கமும் இல்லை.

விசித்திரம் என்னவென்றால், கையால் எழுதிப் போட்டோகொப்பி எடுத்த பழைய சஞ்சிகைகள் தப்பிவிட்டன. 2005இல் தொடங்கிய நூலகம் திட்டக்காரர் கடுதாசியாக இருந்ததை ஸ்கான் பண்ணி ஏற்றினார்கள். கட்டிலுக்குக் கீழே கிடந்த கடுதாசியை எடுத்துக் கொடுக்க ஆள் இருந்தது. பிளொப்பி டிஸ்கை யார் எடுத்துக் கொடுத்தார்கள்?

போன வருசம் ஒரு பிள்ளை என்னைத் தேடி வந்தாள். அவளுடைய தகப்பன் முன்பு எங்களோடு கோப்பை கழுவியவர், இப்போது உயிரோடு இல்லை. அவருடைய அலுமாரியில் ஒரு சீடீ இருந்ததாம், பதினொரு கோப்புகள். வேர்ட்டில் திறந்தால் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும். அப்பா ஏதோ இரகசியக் குறியீட்டில் எழுதியிருக்கிறாரா என்று பிரெஞ்சில் கேட்டாள். முதல் வரியில் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் இருந்தது. எழுத்துரு இல்லாமலே என் கண்ணுக்குத் தெரிந்துவிட்டது. ஊருக்கு அனுப்பாமல் வைத்திருந்த கடிதங்கள்.

அவளுக்குத் தமிழ் கதைக்கத் தெரியும், வாசிக்கத் தெரியாது. ஒன்பது கோப்புகளை யூனிகோட்டுக்கு மாற்றினேன். யூனிகோட் ஆனவுடன் மெசின் அதைப் பிரெஞ்சில் மொழிபெயர்த்துக் காட்டியது. பாமினியாக இருந்தவரை அதே மெசினுக்கு அது ஒரு மொழியே இல்லை. மொழிபெயர்ப்பு திறம் இல்லை, 'பேந்து' என்றால் என்னவென்றே அதற்குத் தெரியவில்லை. நான் பக்கத்தில் இருந்து திருத்திச் சொன்னேன். இரண்டு மணித்தியாலம் இருந்தாள், கடை திறக்கிற நேரம் வந்தது, எழும்பிப் போனாள்.

இப்போது எல்லாரும் செயற்கை நுண்ணறிவு பற்றிக் கதைக்கிறார்கள். அது தமிழில் எழுதுவதைப் பார்த்தேன். சென்னைச் செய்தி வாசிப்பாளர் மாதிரி எழுதுகிறது. பிழை அதனுடையது இல்லை. இணையத்தில் யூனிகோட்டாகக் கிடப்பதை வாசித்துத்தான் அது பழகும். எங்களுடைய பத்து வருசம் அதன் கண்ணில் படவே இல்லை.

மிச்சம் இரண்டு கோப்புகள் இன்னும் திறக்கவில்லை. அது பாமினி இல்லை, திஸ்கி இல்லை, மாற்றியில் இருக்கிற எல்லாவற்றையும் போட்டுப் பார்த்துவிட்டேன். தொண்ணூறுகளில் லா சப்பல் அச்சகங்களில் பாவித்த ஏதோ ஒரு எழுத்துருவாக இருக்கலாம் என்று நினைக்கிறேன். எழுத்துகளுக்கு நடுவில் டொலர் குறி அடிக்கடி வருகிறது. அந்தக் காலத்தில் அச்சக வேலை செய்தவர்கள், அல்லது பழைய எழுத்துரு டிஸ்குகளை எறியாமல் வைத்திருப்பவர்கள் யாராவது இதை வாசித்தால் எனக்கு ஒரு மடல் போடுங்கள். திங்கட்கிழமை எனக்கு லீவு, எங்கே என்றாலும் வந்து பார்க்கிறேன்.